மாமா ஏறிய விமானம்

என் தாய்மாமா மக்காயா வராமல் என் பரிசப்பணத்தை யாரும் தொட முடியாது. எங்கள் கொங்கோ இனத்து ஆட்களின் வழக்கம் அது. பெற்ற அப்பாவுக்குக்கூட அந்த உரிமை கிடையாது. மாமா இருப்பது கின்ஷாசாவில், நாங்கள் லுபும்பாஷியில். ஒரே நாடுதான், ஆனால் நடுவில் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு மேல் காடும் ஆறும். சாலை வழியே வந்தால் என் முதல் பிள்ளைக்குப் பெயர் வைக்கத்தான் வந்து சேருவார். விமானத்தில் இரண்டரை மணி நேரம்.

மாமாவுக்கு விமானம் என்றாலே நடுக்கம். "தம்பிய அனுப்பிடறேன்டி லாண்டு" என்று கெஞ்சினார். நான்தான் அடம்பிடித்து ஏற வைத்தேன்.

பத்து மணி விமானம் என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். "பத்தும் ரெண்டரையும் பன்னண்டரை" என்று கணக்குப் போட்ட என் அண்ணன் சிம்பா, மாப்பிள்ளை வீட்டாரை அந்த நேரத்துக்கே வரச் சொல்லிவிட்டு விமான நிலையத்துக்குப் போனான். ஊரிலேயே பெரிய கெட்டிக்காரன் என்று அவனுக்கு நினைப்பு.

அவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மாமா வரவில்லை.

"கின்ஷாசாக்காரர் இல்ல? அவங்களுக்கு அலங்காரம்தானே முக்கியம். விமானத்த நிறுத்திட்டு ஷூவுக்குப் பாலிஷ் போடுவாரு" என்றார் மாப்பிள்ளையின் பெரியப்பா கபம்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு மணிக்கு அண்ணன் போன் செய்தான். "விமானம் வரல. மாமா போனும் போகல. இங்க கேட்டா ஒருத்தனும் வாயத் திறக்கல."

எங்கள் நாட்டில் விமானம் வரவில்லை என்றால் தாமதம் என்று மட்டும் யாரும் நினைப்பதில்லை. அம்மா "என் தம்பி!" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். கபம்பா தொப்பியைக் கழற்றினார். வரமாட்டேன் என்றவரை நானே விமானத்தில் ஏற வைத்துவிட்டேனே!

கின்ஷாசாவில் அத்தைக்குப் போன் போட்டேன்.

"ஏறிட்டாருடி. சட்டை கசங்கும்னு கார்லகூட சாயாமத்தான் போனாரு. இரு, மத்தியானச் செய்தி இப்பத்தான் ஆரம்பிக்குது, கேட்டுட்டுப் பேசறேன்."

"மத்தியானச் செய்தியா? அது முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு அத்தை!"

"உங்க ஊர்ல முடிஞ்சிருக்கும். இங்க இப்பத்தான் பன்னண்டு. என்னடி, கல்யாண மயக்கமா?"

கின்ஷாசா கடிகாரம் எங்களுடையதைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுவது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட அது உறைக்கவில்லை. "மாமா இன்னும் வானத்துலதான்மா இருக்காரு!" என்று கத்தினேன். போன உயிர் திரும்பி வந்தது. அம்மா எழுந்து அண்ணனைப் போனிலேயே திட்டித் தீர்த்தாள். கபம்பா தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்.

இரண்டரை மணிக்கு மாமா வாசலில் இறங்கினார். முகம் வெளிறியிருந்தது, சட்டை கசங்கவே இல்லை. "என்ன, எழவு வீடு மாதிரி எல்லாருக்கும் கண்ணு சிவந்திருக்கு?" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

கள் கோப்பையை ஏந்தி, வழக்கப்படி மாமா என்னைக் கேட்டார்: "லாண்டு, இத நான் குடிக்கலாமா?" குடிக்கலாம் என்று நான் சொன்னால் கல்யாணத்துக்குச் சம்மதம் என்று பொருள்.

மூன்று முறை கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கபம்பாவின் சிரிப்பு நின்றது.

மாமா குனிந்து என் காதருகே கேட்டார்: "என்னடி, பையனப் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு மாமா. முதல்ல உங்களக் கொஞ்சம் பாத்துக்கறேன், இருங்க."