எத்தனை தடவை

வாடிக்கைக்காரியின் காதோரத்தில் கத்தரிக்கோல் பட்டு ஒரு பொட்டு ரத்தம் எட்டிப் பார்த்த அன்றுதான் அவள் பயந்துபோனாள். இத்தனை வருடம் சொந்த பார்லரில் ஒரு கீறல் படாமல் முடி வெட்டிய கை, இப்போது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நெஞ்சு காரணமில்லாமல் அடித்துக்கொள்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிட்டும் உடம்பு துரும்பாகிவிட்டது. "கண்ணாடி முன்னாடியே நிக்கிறீங்க, கழுத்து புடைச்சிருக்கறது தெரியலையா அண்ணி?" என்று நாத்தனார்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தாள். கணவனுக்கு வெளியூரில் வேலை.

டாக்டரம்மா கழுத்தைத் தொட்டபடி எச்சில் முழுங்கச் சொன்னார். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார்.

"தைராய்டுதான். காவல்காரனே ஆள் தெரியாம வீட்டுக்காரரை அடிக்கிறான்னு வச்சுக்குங்க. உங்க உடம்பே அந்தச் சுரப்பியைச் சீண்டுது. எத்தனை தடவை கர்ப்பமானீங்க?"

"ரெண்டு," நாத்தனார் முந்திக்கொண்டாள். "ரெண்டும் பையன்."

சின்னவனுக்குப் பிறகு அவள் வயிற்றில் இன்னொன்று தங்கியிருந்தது. கணவனிடம் எப்போது சொல்லலாம் என்று நாள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே, பார்லரில் கலைந்துபோனது. சொன்னால், கால் கடுக்க நின்றதால்தான் என்பார்கள். கடைக்குப் பூட்டு விழும். கழிவறையைக் கழுவிவிட்டு வந்து, காத்திருந்தவளுக்குத் தலை அலசிவிட்டாள். ஈ காக்கைக்குத் தெரியாது.

இப்போதும் மறைத்து, அதனால் மருந்து ஏதும் மாறிப்போனால்? பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?

"மூணு," என்றாள். "ஒண்ணு கலைஞ்சிடுச்சு. மூணாம் மாசம்."

நாத்தனார் திரும்பவில்லை. கைப்பையின் வாரை மட்டும் இறுக்கிப் பிடித்தாள்.

"அதனாலதான் இது வந்துச்சா டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"அப்படிச் சொல்ல முடியாது. வயித்துல வளர்ற பிள்ளையோட அணுக்கள் கொஞ்சம் அம்மா உடம்புல வருஷக்கணக்கா தங்கிடும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமோன்னு சிலர் சந்தேகப்படுறாங்க. முடிவா யாருக்கும் தெரியாது. உங்க தப்பு எதுவும் இல்லம்மா. மாத்திரை சாப்பிட்டா கட்டுக்குள்ள வந்துடும்."

'தங்கிடும்' என்பதற்கு மேல் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கை தானாகக் கழுத்துக்குப் போனது; தொடப் பயந்து பாதியில் நின்றது.

வெளியே வராந்தா நாற்காலிகளில் இருவரும் மருந்துச் சீட்டுக்குக் காத்திருந்தார்கள்.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பக்கத்துத் தெருவுலதானே இருந்தேன். எங்கிட்டகூடவா அண்ணி?"

நாத்தனார் நாற்காலியில் வைத்திருந்த கைப்பேசி அதிர்ந்தது. திரையில் 'அண்ணன்' என்று வந்தது. நாத்தனார் எடுக்கவுமில்லை, துண்டிக்கவுமில்லை. ஒரே கம்பியில் கோத்த அந்த நாற்காலி வரிசை வழியாக அதிர்வு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் முதுகுக்கு வந்துகொண்டே இருந்தது.