கை ஒடிந்த அக்காவின் பிள்ளைகள்

“பொட்டப் புள்ளைக்கு ஆம்பளப் பசங்களோட இன்னாமே ஆட்டம்?”

“ஆட்டம் மட்டுமா? படிப்பும்தான் சொல்லிக் குடுக்குறாங்க. நீ போய்ப் பாத்தியா?”

“பாக்க வேற செய்யணுமா? அவ காலை ஒடைக்கிறேன். அப்பால எப்டிப் போறான்னு பாப்போம்!”

ஓலைத் தட்டிக்கு வெளியே நின்று ஜாஸ்மின் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே சோற்றுத் தட்டு பறந்தது. அடுத்து அம்மா அந்தோணியம்மாள் சுவரில் போய் மோதும் சத்தம். அப்பா தேசப்பன் அடிக்க ஆரம்பித்தால் கை ஓயும்வரை நிறுத்தமாட்டார். ஜாஸ்மின் உள்ளே போகவில்லை. மந்தைவெளி மைதானத்துக்கு ஓடினாள்.

அது தொண்ணூற்று நாலு, கோடை விடுமுறை. ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தாள். மைதானத்தில் சாயங்காலம் சிறுவர் மன்றம் நடக்கும். கொஞ்ச நேரம் சடுகுடு, அப்புறம் கரும்பலகை வைத்துப் பாடம். நடத்தியவள் வர்ஷினி. மயிலாப்பூர்ப் பெண், அப்போதுதான் கல்லூரி முடித்தவள். அந்த மன்றமும் போய்விட்டால் ஜாஸ்மினுக்கு மிச்சம் மீன் கூடையும் அப்பாவின் அடியும்தான்.

தேசப்பன் துடுப்போடு பின்னாலேயே வந்துவிட்டார். முதல் அடி முதுகில் விழுந்தது. ஜாஸ்மின் குப்புற விழுந்து உதடு கிழிந்தது. இரண்டாவது அடிக்கு வர்ஷினி குறுக்கே கையை நீட்டினாள்.

“குழந்தை சார் அவ! விடுங்கோ!”

எலும்பு முறிந்த சத்தம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்டது.

போலீசுக்குப் போகவேண்டும் என்று வர்ஷினியின் அப்பா குதித்தார். அதற்குள் அந்தோணியம்மாள் குப்பத்துப் பஞ்சாயத்தைக் கூட்டிவிட்டாள். அந்தக் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சண்டையில் ஒருவன் கை உடைந்தால், அது கூடும்வரை அவனுடைய வேலையை, உடைத்தவனின் வீட்டார் செய்யவேண்டும். மீறினால் படகைக் கடலில் இறக்க விடமாட்டார்கள். ஆனால் இதுவரை உடைந்ததெல்லாம் வலை இழுக்கிற கைகள்.

“பாடம் நடத்துற கையின்னா மட்டும் வேறயா?” என்றார் தலைவர். “உன் வூட்லேர்ந்து ஒருத்தர் போய் நடத்தணும், தேசப்பா.”

“எனக்குக் கையெழுத்தே வராதே நைனா!”

“உன் வூட்ல வேற யாருக்கு வரும்?”

கூட்டம் மொத்தமும் ஜாஸ்மினைத் திரும்பிப் பார்த்தது. தேசப்பன் முகம் போன போக்கைப் பார்த்து யாரோ சிரித்தே விட்டார்கள்.

“அவளை அனுப்பினா நான் கேஸ் குடுக்கலைப்பா” என்று வர்ஷினியும் தன் வீட்டில் சொல்லிவிட்டாள்.

முதல் நாள் ஜாஸ்மின் சாக்பீஸை எடுத்ததுமே சின்னப் பையன் சாய்நாத் எழுந்தான். “உங்கப்பாதானே எங்க வர்ஷினி அக்கா கையை ஒடைச்சார்? நீ என்ன பெரிய டீச்சர்?”

யோசிக்கவே இல்லை. விட்டாள் ஓர் அறை. அவன் சுழன்று கம்பத்தில் மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

“அப்டிப் போடு! எம் பொண்ணுடா!” மதில் ஓரம் நின்றிருந்த தேசப்பன் கைதட்டினார். பிறந்ததிலிருந்து அப்பா அவளைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

கீழே சாய்நாத் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தான். அம்மா மூடிக்கொள்வது போலவே.

வர்ஷினி மாவுக்கட்டோடு எழுந்து வந்தாள். “அடிக்கறவாளுக்கு இங்க இடமில்ல ஜாஸ்மின். கிளம்பு.”

ஜாஸ்மின் மண்ணில் உட்கார்ந்தாள். தாவணியால் பையனின் ரத்தத்தைத் துடைத்தாள். “நீ சொன்னது நெசம்டா. எங்கப்பாதான் ஒடைச்சாரு. நான் இன்னொரு வாட்டி கை ஓங்குனா நீயே என்னைத் தொரத்திடு. இன்னிக்கு நான் இருக்கட்டுமா?”

சாய்நாத் மூக்கை உறிஞ்சினான். “ம்” என்றான். வர்ஷினி திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

“ஒரு பொடியன்கிட்ட மன்னிப்பாடி கேக்குற?” தேசப்பன் மதிலைத் தாண்டி வந்து அவள் கன்னத்தில் அறைந்தார். ஆறிக்கொண்டிருந்த உதடு மறுபடி கிழிந்தது. அவள் முகத்தை மூடவில்லை.

“வேணும்னா இன்னும் அடிச்சுக்கோப்பா. என்னை இங்கேருந்து இழுத்துகினு போனா படகு இறங்காது. பரவால்லியா?”

ஓங்கிய கை அப்படியே நின்றது. காறித் துப்பிவிட்டுப் போனார். அவள் வாயில் ரத்தத்தோடு பலகைப் பக்கம் திரும்பி ஏழாம் வாய்ப்பாட்டை எழுதினாள். பிள்ளைகள் உரக்கச் சொன்னார்கள்.

வர்ஷினியின் கை கூடிய பிறகும் பிள்ளைகள் ஜாஸ்மினை விடவில்லை. தேசப்பன் திருந்திவிடவுமில்லை, வீட்டில் அடி விழுந்துகொண்டுதான் இருந்தது. அதை வாங்கிக்கொண்டே பிளஸ் டூ முடித்து ஆசிரியப் பயிற்சிக்குப் போனாள். தொண்ணூற்று ஒன்பதில் அசோக் நகர்ப் பள்ளி ஒன்றில் டீச்சராகச் சேர்ந்தாள். பிரம்பை அவள் தொட்டதே இல்லை.

படிக்கிற உங்களில் டீச்சர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அடி வாங்கியே வளர்ந்த நீங்கள், வகுப்பில் முதன்முதலாகக் கை ஓங்கியபோது எது உங்களைத் தடுத்தது? தடுக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, மறைக்காமல் கீழே பதில் எழுதுங்கள்.