பெட்டி முன்னால் விழுந்தது

ஆஸ்பத்திரியில் நெட்டை இவனிடம் மன்னிப்புக் கேட்டான். அதுதான் தாங்கவில்லை.

"நான் சுத்தினது பத்தலை போலடா. உன்னையும் சேர்த்து மாட்டிவிட்டுட்டேன்." கட்டுப் போட்ட கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எந்தக் கட்டிலும் நெட்டைக்குப் பத்தாது.

"விடுடா," என்று சொல்லிவிட்டு இவன் கிளம்பினான்.

இருவருக்கும் ஒரே கிடங்கு. பெட்டிகளை மரத்தட்டில் அடுக்கி, பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றுவது நெட்டையின் வேலை. தட்டை ஃபோர்க்லிஃப்டில் தூக்கிப் போவது இவன் வேலை. நேற்று பெட்டிகள் சரிந்து, வண்டிக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த நெட்டையின் காலில் விழுந்தன. சூப்பர்வைசர் கேட்டபோது இவன் சொன்னான்: "வண்டியைக் கிளப்பினேன் சார், பெட்டி முன்னாடி சரிஞ்சிடுச்சு. சுத்தினது லூஸ்."

சுற்றியது சரியில்லை என்றால் பழி சுற்றியவன் தலையில். வைத்தியச் செலவு அவனுடையது, வேலையும் போகும். அந்தக் கிடங்கில் அப்படித்தான்.

அக்கா வீட்டில் இவனுக்கு ஓர் அறை. மதியம் தூங்கி எழுந்து வந்தபோது அக்கா மகள் அறிவியல் நோட்டுடன் மேசையில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. வாயாடுவதால் வீட்டில் அவளுக்கு வக்கீல் என்றே பெயர்.

"மாமா, நிலைமத்துக்கு ஒரு உதாரணம் சொல்லுங்க. பஸ்ஸு வேணாம். கிளாஸ் முழுக்க பஸ்ஸுலதான் போயிட்டிருக்கு."

"நேத்து மாமா வண்டியில பெட்டி விழுந்துச்சே, அதை எழுதேன்டி," என்றாள் அக்கா, சமையலறையிலிருந்து.

சூப்பர்வைசரிடம் சொன்ன வாக்கியத்தையே இவன் திரும்பச் சொன்னான். தடங்கலே இல்லாமல் வந்தது.

வக்கீல் தடித்த புத்தகம் ஒன்றின் மேல் தீப்பெட்டிகளை அடுக்கினாள். புத்தகத்தை வெடுக்கென்று முன்னே தள்ளினாள். அடுக்கு அவள் பக்கமாகவே சாய்ந்தது.

"பின்னாடிதானே சாயுது? கிளம்பும்போது விழுந்திருந்தா உங்க பக்கம்ல சாஞ்சிருக்கணும்?"

"அங்க தரை மேடும் பள்ளமுமா இருக்கும்."

"இருங்க மாமா. வண்டி கிளம்பினாலும் பெட்டி இருந்த இடத்துலயே இருக்கப் பாக்கும். அதான் பின்னாடி சாயுது. முன்னாடி விழணும்னா, ஓடிட்டிருந்த வண்டி டக்குன்னு நிக்கணும். வண்டி நிக்கும், பெட்டி நிக்காது."

மறுபடி அடுக்கி, புத்தகத்தை மெல்ல வேகமெடுக்க விட்டு, சட்டென்று நிறுத்தினாள். தீப்பெட்டிகள் முன்னால் பாய்ந்தன. ஒன்று தரையில் விழுந்தது. இவன் காலை இழுத்துக்கொண்டான்.

"அப்போ வேகமா வந்து பிரேக் போட்டீங்கன்னு எழுதட்டுமா?"

"ஏண்டி, சாப்பிடக்கூட விடாம மாமாவை வறுக்கிற?" என்றாள் அக்கா.

நடக்கிற வேகத்துக்கு மேல் வண்டி போகக் கூடாத இடம் அந்தக் கிடங்கு. சீக்கிரம் முடித்துவிட்டு உட்காரலாமென்று நேற்று இவன் வண்டியை விரட்டினான். பெட்டிகளின் ஓரத்தில் திடீரென்று நெட்டையின் முதுகு தெரிந்தது. பிரேக்கை மிதித்தான். பெட்டிகள் தனித்தனியாகச் சிதறவும் இல்லை. ஒரே கட்டாக வழுக்கிப் போய் விழுந்தன. அவ்வளவு இறுக்கமாகச் சுற்றியிருந்தான் நெட்டை. காலை வெளியே எடுக்க அந்தத் தாளைக் கத்தியால் கிழித்தது இவன்தான்.

"எழுது," என்றான்.

வாசலுக்குப் போய் சூப்பர்வைசருக்கு போன் போட்டான். நடந்ததைச் சொன்னான்.

"இப்போ எதுக்குப்பா இதைக் கிளப்புற? அவனே ஒத்துக்கிட்டான்."

"அவனுக்கு எப்படி சார் தெரியும்? முதுகைக் காட்டிட்டு நடந்தான்."

"உன் வேலை போயிடும்."

"தெரியும் சார்."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. "வண்டிக்கு இப்போ வேற ஆளுக்கு நான் எங்க போவேன்?" போன் கட்டானது.

உள்ளே வந்தான். வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டு இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பரவால்ல மாமா. நான் பஸ்ஸே எழுதிக்கிறேன்."

"இதையே எழுது."

அக்கா தட்டை எடுத்து வைத்து இவனைக் கூப்பிட்டாள். இவன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். சூப்பர்வைசரிடம் சொன்னது சுலபம். ஆஸ்பத்திரியில் நெட்டை இன்னும் தாள் சுற்றிய தன் கையைத்தான் திட்டிக்கொண்டிருப்பான்.