பாலகோபாலின் இரண்டு நட்சத்திரங்கள்

இலந்தை இலை கொதித்த நீரை ரிஃபத் வெள்ளைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள். காலையில் இறந்துபோன அவளுடைய அத்தா யூனுஸின் மய்யித்தைக் குளிப்பாட்ட ஆண்கள் காத்திருந்தார்கள். ஆவி முகத்தில் அடித்தது, விலகத் தோன்றவில்லை.

"அந்தப் பாலகோபால் யாருன்னு கண்டுபிடி" என்றான் அண்ணன் தாரிக், அடுக்களை வாசலில் நின்றபடி. "கடை ஃபோன் உங்கிட்டத்தான இருக்குது."

"பேரத் தவிர ஒண்ணுமில்லண்ணா."

பொய் சொன்னால் குரல் நடுங்கும் என்று அதுவரை நம்பியிருந்தாள். நடுங்கவில்லை.

உக்கடத்தில் யூனுஸ் நடத்திய பிரியாணிக் கடையில் சாஸ் பாட்டில்கள் ஒருநாளும் காலியானதில்லை. பாதி குறைந்ததும் பெரிய கேனிலிருந்து மேலே ஊற்றிவிடுவார். அடியில் கிடப்பதன் வயதை எவரும் அறியார். மூடிக்குள் காய்ந்து கறுத்த வளையம் ஒன்று எப்போதும் இருக்கும். மிச்சத்தைக் கொட்டினால் கடைக்கு இறைவன் தந்த பரக்கத் போய்விடும் என்பது அவர் கட்சி. உண்பவன் கண்ணுக்கு அது அழுக்கு என்பது மகளின் கட்சி. நாலெழுத்துப் படித்ததும் பாட்டிலுக்குள் எட்டிப் பார்க்க வந்துவிட்டாள் என்று வாடிக்கையாளர் முன்னிலையிலேயே சிரித்தார்.

அன்றே அவள் பாலகோபால் என்ற பெயரில் இணையத்தில் இரண்டு நட்சத்திரம் வைத்து எழுதினாள்: 'சாஸ் பாட்டிலின் வாயைப் பார்த்தபின் பிரியாணி தொண்டையில் இறங்கவில்லை.' மகள் சொல்லிக் கேளாதவர் ஊரான் சொன்னால் கேட்பார் என்று நினைத்தாள்.

கேட்டார். அதற்குப் பிந்திய பதினொரு நாளும் அவரே பாட்டில்களைக் காலிசெய்து, வெந்நீரில் கழுவி, வெயிலில் கவிழ்த்தார். யாராவது மூடியைத் திறந்து முகர்ந்தால் அருகே போய், நீங்கள்தான் பாலகோபாலா என்று பணிவாக விசாரித்தார். இன்று காலை, கழுவியவற்றைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். மாரடைப்பு, என்றைக்கு வேண்டுமானாலும் வந்திருக்கக்கூடியது என்றார் மருத்துவர்.

நீர்ப் பாத்திரத்தை வாங்க வந்தவர் பரோட்டா மாஸ்டர் மருதாசலம். இருபது வருடம் யூனுஸோடு அடுப்படியில் நின்றவர்.

"அந்தாளு மறுக்கா ஒருக்கா வந்து, நல்லாருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லிப்போட்டாப் போதும் மருதுன்னு சொல்லீட்டே இருந்தாருங்க அம்மணி. இன்னைக்குக் காத்தாலயும் கேட்டாருங்க, வந்தாரான்னு."

"வந்தாருன்னு சொல்லியிருக்கலாமுங்களே."

"பொய் சொல்ல வாய் வரலீங்க."

அவர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் கிடத்தினார்கள். பெண்கள் திரைக்கு இப்பால் நின்றார்கள். தூக்குவதற்கு முன், இறந்தவருக்காக மகன் கூடியிருப்போரிடம் பிழை பொறுக்கக் கேட்பது வழக்கம். தாரிக் தொண்டையைச் செருமினான்.

"எங்கத்தா யாரு மனசயாவது நோகடிச்சிருந்தாப் பொறுத்துக்கங்க." வாசல்வரை நின்றவர்களைப் பார்த்தான். "கடைல சாப்பிட்டு மொகஞ்சுளிச்சவங்களும், அது யாரா இருந்தாலுஞ்சரி, பொறுத்துக்கங்க."

"பொறுத்தோம்" என்றார்கள் ஆண்கள். திரைக்குப் பின்னிருந்து பெண்களும் சொன்னார்கள்.

நான்தான் என்று சொல்ல ஒரு கணம் மிச்சம் இருந்தது. தூக்குபவர்கள் அதற்குள் குனிந்துவிட்டார்கள். அம்மா தாஜுன்னிசா அவளுடைய முழங்கையைத் தொட்டாள்.

"நீயும் சொல்லு கண்ணு. மக சொன்னாத்தான அத்தாவுக்கு நெறையும்."

"பொறுத்தேன்" என்றாள் ரிஃபத்.

சந்தூக்கு உயர்ந்தது. தூக்கிச் சென்றவர்கள் ஓதிய கலிமாவின் ஓசை வாசலைக் கடந்து தெருவில் இறங்கித் தேய்ந்தது. வெற்றுக் கூடத்தில் மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு சபுரா போய் அதை நிறுத்தினாள். இறக்கைகள் மூன்றும் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கின.