பாட்டுக்கு நடுவே பேச்சு

மனைவியின் அண்ணனான மச்சான் தன் நாற்பது இசைத்தட்டுகளையும் ரெக்கார்ட் பிளேயரையும் கொண்டுவந்து இறக்கிய அன்றே கண்ணாடிக் கடைக்காரருக்கு ஏகப்பட்ட உத்தரவுகள் வந்துவிட்டன. “விளிம்பை மட்டும்தான் பிடிக்கணும் மாப்பிள்ளை. மேல நடுவுல விரல் படக் கூடாது. மூச்சுகூடப் பார்த்து விடுங்க.”

கண்ணுக்கே கண்ணாடி அறுத்துப் பொருத்துகிறவருக்குத் தட்டில் இருப்பதைக் கணினியில் ஏற்றுவது பெரிய வித்தையா என்ன? பிளேயரிலிருந்து ஒரு வயரை எடுத்துக் கணினியில் செருகினார். ஊசியை வைத்தார். பாட்டு ஓட ஓடத்தான் பதிவாகும். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம். அவசரப்படுத்த முடியாது. பக்கத்தில் மனைவி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிடம் சும்மா இருக்க முடியுமா? இருவரும் பேசினார்கள். தட்டுகள் மச்சானுடையவை என்பதால் பேச்சும் மச்சானைப் பற்றியே ஓடியது.

பத்துத் தட்டு முடிந்ததும் பென்டிரைவில் போட்டு அனுப்பினார். ஒரு வாரம் மச்சானிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு நேரில் வந்து நின்றார்.

கன்னங்கரேலென்று இருந்த மீசை பஞ்சுபோல் வெளுத்திருந்தது. காபி குடித்த டம்ளரைத் தானே கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்தார். எதைச் சாப்பிட்டாலும் “உப்பு ஒரு கல்லு கம்மி” என்கிற மனிதர், “உப்பு கணக்கா இருக்கு பாப்பா” என்று மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை அவர் குடித்தது வெறும் தண்ணீர். தங்கை சொம்பும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். பிறகு, “ஒரு தடவ ரயில்ல திருடன...” என்று ஆரம்பித்தவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். “வேண்டாம், உங்களுக்குத் தெரிஞ்ச கதைதானே.”

அவர் போனதும் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. “அண்ணனுக்கு உடம்புக்கு ஏதோ வந்துருக்குங்க. நம்மகிட்ட மறைக்கிறாரு.”

அவள் மனதை மாற்றலாமென்று கண்ணாடிக் கடைக்காரர் பதிவு செய்த பாட்டு ஒன்றைப் போட்டார். பல்லவி முடிந்தது. சரணம் தொடங்கும் இடத்தில் மனைவியின் குரல் கணீரென்று வந்தது: “மீசைக்கு மட்டும் மை அடிச்சாப் போதுமா? புருவம் காட்டிக் குடுக்குதே!” அதைத் தொடர்ந்து அவருடைய சொந்தச் சிரிப்பு. அப்புறம் டம்ளர், உப்பு. கடைசியில் மச்சான் குரலிலேயே அவர் பேசிக் காட்டிய ரயில் கதை, கூடவே ஒரு குத்தல்: “முதல்ல ஒரு திருடன். போன வருஷம் மூணு பேரு. இப்போ கத்தியோட அஞ்சு பேரு!”

“நீங்கதானே கம்ப்யூட்டர்ல பெரிய புலி?” என்றாள் மனைவி.

“வயரைச் செருகினேனே... கம்ப்யூட்டர் வயரை விட்டுட்டுத் தன்னோட மைக்ல கேட்டிருக்கு” என்றார் அவர்.

செய்த வினையைச் செய்த இடத்திலேயே சரிக்கட்டுவது என்று முடிவானது. அடுத்த பத்துத் தட்டுகளுக்கு வேண்டுமென்றே மைக்கை வைத்துக்கொண்டார்கள். “அண்ணன் மாதிரி ஒரு தங்கமான மனுஷர் உண்டா?” என்றாள் மனைவி. “அந்த மீசையோட கம்பீரம் யாருக்கு வரும்!” என்றார் கணவர். அந்தப் பென்டிரைவும் போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் நாள் போன் வந்தது. “மாப்பிள்ளை, ரெண்டாவது சரியில்ல.”

“சத்தம் சரியா விழலையா மச்சான்?”

“சத்தமெல்லாம் தெளிவு. நடிப்புதான் மோசம். பாப்பா எழுதி வச்சுப் படிக்கிறா. பேப்பர் திருப்புறது எனக்குக் கேக்குது.”

மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டு போனை வாங்கினாள். “கோவமாண்ணே?”

“முதல் நாள் வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி சாப்பிடக்கூட இல்ல. மறுநாள் அந்த ரயில் கதையைத் திரும்பக் கேட்டேன். என்னைவிட மாப்பிள்ளை நல்லாச் சொல்றாரு. உங்க அண்ணி விழுந்து விழுந்து சிரிச்சா. பாட்டெல்லாம் முப்பது வருஷமாக் கேட்டதுதானே? பேச்சுதான் புதுசு.”

“அப்போ மீசை?”

“அது உங்க அண்ணியோட யோசனை. நீ சொம்போட நின்னதை மட்டும் நாலு தடவ நடிச்சுக் காட்டச் சொன்னா.”

“ரெண்டு பேரும் கூட்டா!” என்று கத்தினாள் தங்கை. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு, மீதி இருபது தட்டுகளுக்கு மச்சானே வந்து பிளேயர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடிக் கடைக்காரர் இம்முறை வயரைச் சரியாக அமைக்கப் போனார். “விடுங்க மாப்பிள்ளை, மைக்கே இருக்கட்டும்” என்றார் மச்சான்.

ஊசி இறங்கியது. முதல் சரணம் வருவதற்குள், சின்ன வயதில் எதிர்வீட்டு ஜன்னலை உடைத்தது யார் என்று அண்ணனுக்கும் தங்கைக்கும் வழக்கு மூண்டுவிட்டது. “கல்லை எறிஞ்சது நீ, அடி வாங்கினது நான்!” என்றார் அண்ணன். “எடுத்துக் கொடுத்தது யாராம்?” என்றாள் தங்கை. பாட்டு முடிந்து தட்டு வெறுமனே சுற்றியதை இருவருமே கவனிக்கவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட்டார்.