எந்த மெஷின் ஆயில்?

டீ நேரத்து உளுந்துவடையில் நான்கை உள்ளே தள்ளிவிட்டு, நெருப்பெரிச்சல் ஊரிலுள்ள பனியன் கம்பெனியின் செக்கிங் சூப்பர்வைசர் பூபாலன் வெள்ளை டீசர்ட் கட்டு ஒன்றின் மேல் சிம்மாசனம்போல உட்கார்ந்தார். ஆள் நூற்று நான்கு கிலோ. உட்கார்ந்ததும் ஒரு தும்மல். கூடவே கொஞ்சம் காற்றும் பிரிந்தது. வெறும் காற்றுதானே என்று அவர் கண்டுகொள்ளவில்லை.

எழுந்து பார்த்தால், மேல் டீசர்ட்டில் வெற்றிலை அகலத்துக்கு மஞ்சள் எண்ணெய்க் கறை.

"ஆயில் ஸ்டெயின்!" என்று அலறினார். அடுத்தவர் பிழையைக் கண்டுபிடிப்பதில் அவர் புலி. பிழையைக் காட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரைக் கறைக்கு நேராக ஒட்டினார். "எந்த மெஷின் ஆயில்னு தெரியாம ஒருத்தரும் ஊட்டுக்குப் போகக்கூடாது, ஆமா!"

முதலாளி ரத்தினசாமி ஓடிவந்தார். மறுநாள் காலையில் சரக்கைப் பார்க்க, அதை வாங்கும் பையரின் ஆள் வருகிறார். "கந்தப்பன் மெஷினையே பாக்கறதில்லையாட்ட இருக்குது. இன்னைக்கே லீக்கைக் கண்டுபுடிக்கோணும். இல்லீன்னா நாளைக்கு வேற மெக்கானிக்குங்க."

பதினோரு வருஷமாக அங்கேயே மெக்கானிக்காக இருக்கும் கந்தப்பன் தரையில் உட்கார்ந்து ஓவர்லாக் தையல் மெஷின்களைப் பிரிக்கத் தொடங்கினார்.

பூபாலன் கக்கூஸுக்குப் போனார். லீக் எங்கே என்பது அங்கேதான் தெரிந்தது.

எல்லாம் போன வாரம் ஆரம்பித்த மாத்திரை. உடம்பு இளைக்க வைக்கும் மாத்திரை, 2004-இல் அவர் தெருவுக்கே புதுசு. "ஏதாச்சும் ஆகுமுங்களா?" என்று டாக்டரைக் கேட்டிருந்தார். "எண்ணெய்ப் பண்டம் மட்டும் பாத்துக்குங்க" என்றார் டாக்டர். இவரும் பார்த்துக்கொண்டேதான் தின்றார். மருந்துக்கடைக்காரர், "போகப்போகப் பழகிருமுங்க" என்று சிரித்தார். எது பழகும் என்று சொல்லவில்லை.

இடுப்பில் ஒரு ரிஜெக்ட் டீசர்ட்டைக் கட்டிக்கொண்டு பூபாலன் திரும்பினார். வாயைத் திறக்காவிட்டால் மானம் தப்பும். ஆனால் கந்தப்பனுக்கு வேலை போகும். அவர் அதற்குள் மூன்றாவது மெஷினைப் பிரித்துவிட்டிருந்தார். முழங்கை வரை கறுப்பு.

கறை நீக்கும் மேஜையில் மருதாள் டீசர்ட்டை மூக்கருகே கொண்டுபோனாள். "ஏனுங்கண்ணா, இது மெஷின் ஆயில் வாசமே இல்லீங்க. வடைச்சட்டி வாசமாட்ட இருக்குதுங்க!"

"ஆருடி அது, வடை தின்ன கையோட தொட்டது?" என்று யாரோ கேட்க, செக்கிங் பெண்கள் எல்லோரும் கையை விரித்துக் காட்டினார்கள்.

பூபாலன் மெதுவாகப் போய், டீசர்ட்டிலிருந்த சிவப்பு அம்பைப் பிய்த்துத் தன் தொப்பையில், கீழ்நோக்கி ஒட்டிக்கொண்டார்.

"லீக் இங்கதானுங்க. எளைக்கறதுக்கு மாத்திரை போடறனுங்க, அதுனாலயோ என்னமோ. கந்தப்பண்ணன் மேல ஒரு தப்பும் இல்லீங்க."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் மருதாள் டீசர்ட்டைப் போட்டுவிட்டுக் குழாயடிக்கு ஓடினாள். ரத்தினசாமி சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "கந்தப்பா, மெஷினையெல்லாம் மூடுங்க! நாந்தான் அவசரப்பட்டு வாய வுட்டுட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க."

கந்தப்பன் கையைத் துடைத்துக்கொண்டு பூபாலனிடம் வந்தார். கூட வரும் புத்தகத்தைப் படிக்காமல் எந்தப் புது மெஷினிலும் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாத மனிதர் அவர். "மாத்திரைப் பொட்டியில ஒரு சீட்டு இருந்திருக்குமே, எங்கீங்க?"

பூபாலன் பையைத் துழாவி எடுத்தார். வடையை அதில்தான் ஒற்றியிருந்தார். எண்ணெய் ஊறிய தாளைக் கந்தப்பன் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, எழுத்துக் கூட்டிக் கடைசி வரி வரை படித்தார்.

"மாத்திரையினாலதானுங்களாண்ணா? நீங்களாச்சும் நேராச் சொல்லுங்க."

"ஆமாங்க, மாத்திரையினாலதான். நீங்க திங்கற எண்ணெயை இது ஒடம்புல சேர விடாது. சேராத எண்ணெய் அப்படியே கீழ எறங்கிரும், காத்தோட சேந்தும் வரும்னு இதுலயே போட்டிருக்குதுங்க. மெஷின்ல கோளாறில்லீங்க தம்பி. வடைய நிறுத்துங்க."