வலது கால் கிளிப்பு

வியாசர்பாடியிலிருந்து சாத்தாங்காட்டுக்கு சைக்கிளில் போகிறவன் வெள்ளைச் சட்டை போடக் கூடாது. இது ஊருக்கே தெரியும். எனக்கு வாய்த்த உத்தியோகத்துக்கு வெள்ளைச் சட்டைதான் போட வேண்டும்.

கன்டெய்னர் கிடங்கு ஒன்றில் வேலை. பதினோரு வருடம் கீழே யார்டில் காக்கிச் சட்டையோடு பெட்டி எண் குறித்துக்கொண்டிருந்தேன். அஞ்சல் வழியில் பி.காம். முடித்த பிறகு மாடி ஆபீசுக்கு ஏற்றினார்கள். ஆறு மாதம் பார்ப்பார்கள். தேறினால் நிரந்தரம், தேறாவிட்டால் மறுபடி யார்டு. முதல் நாளே மேனேஜர் ரகுபதி சொல்லிவிட்டார்: "கஸ்டமர் வர்ற இடம், அறிவு. டிரஸ் நீட்டா இருக்கணும். அவ்வளவுதான்." அவர் கண்ணாடி ஏற்றிய காரில் வருகிறவர். அவருக்கு அது அவ்வளவுதான்.

பஸ்ஸில் போகலாமே என்பீர்கள். டிரெய்லர் வரிசையில் பஸ் மாட்டினால் மாட்டியதுதான். சைக்கிள் சந்துபொந்தில் புகுந்து போய்விடும். ஆனால் அந்த ரோட்டில் நிலக்கரித் தூள், இரும்புத் துரு, லாரிப் புகை எல்லாம் சேர்ந்து மேலே இறங்கும். அதனால் ஓட்டும்போது பழைய டீ-ஷர்ட். இஸ்திரி போட்ட சட்டை எக்ஸ்ரே கவரில்.

ஆமாம், ஆஸ்பத்திரியில் தருகிற அந்தப் பெரிய கவர்தான். சட்டையைச் சூடு ஆறவிட்டு, பட்டனைப் போட்டு, குப்புறப் படுக்க வைத்து, முதுகில் எக்ஸ்ரே ஃபிலிமை வைத்து, கைகளை அதன் மேல் மடித்து, கீழ்ப்பாதியைத் தூக்கிப் போட்டால் ஒரு சுருக்கம் விழாது. கவரைக் கயிறு கட்டி முதுகில் மாட்டிக்கொள்வேன். ஃபிலிமில் இருப்பது என் அம்மா ரமாபாயின் நெஞ்சு. அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பதிலாக ஒரு அட்டையை வைக்கலாம்தான். எனக்கு மனசு வரவில்லை.

பேன்ட்டுக்கு வேறு ஏற்பாடு. செயின் வலது பக்கம் இருப்பதால் வலது காலை மட்டும் இறுக்கி மடித்து, துணி காயப்போடுகிற பச்சை கிளிப்பு ஒன்றை மாட்டிவிடுவேன். போய்ச் சேர்ந்ததும் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிடுவேன்.

காக்கிச் சட்டை போட்ட காலத்திலேயே, அம்மா இருந்தவரை, என் உடுப்பைப் பார்ப்பது அவள் வேலை. வாசலில் நிறுத்தி, "திரும்பு" என்பாள். நான் திரும்ப வேண்டும். "காலர்ல கலீஜ் பண்ணி வெச்சிகினு கீறியே, இதப் போட்டுகினு போவியா நீ?" என்று சட்டையை உருவுவாள். சுவரில் கோட்டு சூட்டோடு நிற்கும் தலைவர் படத்தைக் காட்டி, "அவரு சும்மாவா அப்டி நின்னாரு?" என்பாள். இப்போது என் முதுகை யாரும் பார்ப்பதில்லை.

யார்டில் ஜெயவேல் பார்ப்பான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். பதினோரு வருடம் ஒரே டப்பாவில் சோறு தின்றிருக்கிறோம். நான் மாடிக்குப் போன இரண்டாவது வாரம், கஸ்டமர் இரண்டு பேரை யார்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது, வண்டி மேலிருந்து கத்தினான்: "டேய் அறிவு! பின்னாடி பாரு, சட்ட வெளிய தொங்கிகினு கீது!"

கஸ்டமர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது கொதித்தது. மத்தியானம் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். "நாலு பேரு முன்னாடி டேய் போடாத. இப்ப நான் ஆபீஸ் ஸ்டாஃப்" என்றேன். "சரி சார்" என்றான். கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து யார்டு முழுக்க எனக்கு சார் போட்டது.

மாடியில் ஐந்து பேர். மத்தியானம் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். என்னை வராதே என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. என் இடத்திலேயே கம்ப்யூட்டரைப் பார்த்தபடி டப்பாவைத் திறப்பேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். நிரந்தரமாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவர்களில் ஒருவன் ஆகிவிடுவேன் என்று மனதார நம்பினேன்.

அந்த நாள் வந்தது. ஹெட் ஆபீஸிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார், ஒன்பதரைக்கு நான் அவர் முன்னால் நின்று ஆறு மாத வேலையைச் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பார்த்து கொருக்குப்பேட்டை கேட் மூடிவிட்டது. சரக்கு ரயில் ஊர்ந்து ஊர்ந்து போனது. நான் வந்து சேர்ந்தபோது ஒன்பது இருபது. டிரைவர்கள் அறையில் முகம் கழுவி, கவரைப் பிரித்துச் சட்டையை மாட்டினேன். ஒரு சுருக்கம் இல்லை. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினேன்.

நன்றாகவே பேசினேன். பெரியவர் தலையாட்டினார். மத்தியானம் ரகுபதி கடிதத்தைக் கொடுத்துக் கைகுலுக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். வரிசையாக நிற்கவைத்து, அக்கவுன்ட்ஸ் மகிமா படம் எடுத்தாள். சாயங்காலம் வரை மூன்று முறை யார்டுக்கு இறங்கி ஏறினேன். போகிற வழியெல்லாம் "கங்கிராட்ஸ் சார்."

ஆறு மணிக்கு சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்து, கிளிப்புக்காக ஹேண்டில்பாரில் கைவைத்தேன். அங்கே இல்லை. குனிந்து பார்த்தேன். வலது காலில் இருந்தது. பேன்ட் கணுக்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, சாக்ஸ் தெரிய, பச்சைக் கிளிப்பு காலையில் மாட்டியபடியே இருந்தது.

ஒன்பது மணி நேரம். மாடியில் ஐந்து பேர், பெரியவர் ஒருவர், யார்டில் இருபது பேர். போனை எடுத்து ஆபீஸ் குரூப்பைப் பார்த்தேன். படத்தில் நடுவில் நிற்கிறேன், கிளிப்பு பளிச்சென்று தெரிகிறது. படத்துக்குக் கீழே வரிசையாக 'லைக்' கட்டைவிரல்கள். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், காதோரம் வந்து சொல்லியிருக்கக் கூடாதா? அழுகை வந்தது. சட்டையில் துடைக்கக் கூடாது என்று பழக்கத்தில் கை கர்சீப்பைத் தேடியது.

ஜெயவேல் டூட்டி முடித்து வந்தான்.

"பாத்தியா?" என்று காலைக் காட்டினேன்.

"காலைலயே பாத்தேன் சார்."

"சொல்றதுக்கு இன்னாடா?"

"இன்னானு சொல்றது? பெரியவரு வந்துகீறாரு. நாலு பேரு முன்னாடி..." நிறுத்திக்கொண்டான். அவன் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"தப்பு என்னுதுதான் ஜெயா. பழையபடி கூப்டு. டேய்னு கூப்டு."

"வுடு சார், அதெல்லாம் இன்னா இப்ப" என்று சிரித்துவிட்டு, டப்பாவை ஆட்டியபடி கேட்டைத் தாண்டிப் போனான். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள்.

மறுநாள் வீட்டைப் பூட்டுவதற்கு முன், வாசலில் நின்று ஒரு சுற்றுத் திரும்பினேன். வீட்டில் யாரும் இல்லை.

கிடங்குக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன். சட்டையை மாற்றிக்கொண்டேன். கிளிப்பைக் கழற்றவில்லை. வேண்டுமென்றேதான். ஜெயவேல் ஃபோர்க்லிஃப்டுக்கு எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் படும்படி மெதுவாக நடந்தேன். மாடிப்படி வந்துவிட்டது. திரும்பிப் பார்க்காமல் நின்றேன். ஒரு "டேய்" போதும். யார்டு முழுக்கக் கேட்கக் கத்தட்டும், கஸ்டமர் இருந்தாலும் பரவாயில்லை.

பின்னால் செருப்புச் சத்தம் ஓடி வந்தது. ஜெயவேல்தான். யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தான். சட்டென்று குனிந்து, என் காலிலிருந்து கிளிப்பை உருவினான். எண்ணெய் படாத இரண்டு விரலால் பேன்ட்டை நீவிவிட்டான். நிமிர்ந்து, கிளிப்பை என் உள்ளங்கையில் வைத்தான்.

"இந்தாங்க சார்" என்று யாருக்கும் கேட்காதபடி சொன்னான்.